பிஎல்சிக்கு ஐபி முகவரி கொடுப்பதில் நடக்கும் தவறுகள்

பிஎல்சிக்கு (இயந்திரத்தை இயக்கும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்) ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதில் செய்யும் தவறு அன்றைக்கே தெரிந்துவிட்டால் பரவாயில்லை. பெரும்பாலும் சில மாதம் கழித்து, கரண்ட் போய் வந்தபிறகுதான் தெரியும்.

ஆலன் பிராட்லி பிராண்டு பிஎல்சி கன்ட்ரோலர்கள் பல, பெட்டியிலிருந்து வரும்போது சொந்த முகவரி இல்லாமல்தான் வரும். பூட்பி அல்லது டிஎச்சிபி (நெட்வொர்க்கில் முகவரி கேட்டுப் பெறும் முறைகள்) வழியாக முகவரி கேட்டுக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் முகவரி கொடுக்கும் டூலைத் திறந்து, லேபிளில் உள்ள மேக் முகவரியை (சாதனத்துக்கே உரிய வன்பொருள் எண்) பார்த்து 192.168.1.20 என்று கொடுக்கிறோம். பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) பதில் வருகிறது, புரோகிராம் இறங்குகிறது. சரி, முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம். பூட்பியை அணைத்து முகவரியை நிலையாக்க மறந்திருந்தால், அடுத்த முறை பவர் வரும்போது அது மறுபடியும் கேட்க ஆரம்பிக்கும். பதில் சொல்ல லேப்டாப் அங்கே இருக்காது. நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் பேனலை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து, பிங் வந்தபிறகுதான் பையை எடுப்பேன்.

அடுத்தது இரட்டை முகவரி, அதாவது ஒரே முகவரி இரண்டு சாதனங்களுக்கு இருப்பது. பிங் செய்தோம், பதில் இல்லை, எனவே அந்த எண் காலி என்று முடிவுகட்டுவது ஆபத்து. அந்த எண்ணுக்கு உரிய இயந்திரம் அன்றைக்கு ஆஃபாகியிருக்கலாம்; கம்ப்யூட்டராக இருந்தால் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். ரூட்டர் டிஎச்சிபியில் பங்கிடும் எண்களுக்குள் பிஎல்சியை வைத்தாலும் இதே கதைதான்: யாரோ ஒருவருடைய போனுக்கு அந்த முகவரி போய்விடும். எச்எம்ஐயில் (ஆபரேட்டர் பார்க்கும் திரை) மதிப்புகள் உறைவதும் திரும்புவதுமாக இருந்தால் கேபிளைத் தவிர இதையும் சந்தேகப்படுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, பிஎல்சி கேபிளைக் கழற்றி, லேப்டாப்பில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு உரியது என்ற குறிப்பு) அழித்துவிட்டு, அதே முகவரிக்குப் பிங் செய்யுங்கள். அப்போதும் பதில் வந்தால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். யார் என்பதை ஏஆர்பி பட்டியலில் வரும் மேக் முகவரி காட்டிக்கொடுக்கும்.

சப்நெட் மாஸ்க்கை (எந்த முகவரிகள் தன் நெட்வொர்க்கில் உள்ளவை என்று சாதனத்துக்குச் சொல்லும் எண்) யாரும் கவனிப்பதில்லை. லேப்டாப் 192.168.2.50, மாஸ்க் 255.255.0.0, பிஎல்சி 192.168.1.20, மாஸ்க் 255.255.255.0 என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்புக்கு பிஎல்சி பக்கத்து வீடு. பிஎல்சிக்கு லேப்டாப் வேற்றூர். கேள்வி போய்ச் சேரும். பதிலை பிஎல்சி கேட்வேயிடம் (வேறு நெட்வொர்க்குக்கு அனுப்பும் வாசல்) கொடுக்கப் பார்க்கும். கேட்வே இல்லையென்றால் பதில் அங்கேயே நின்றுவிடும்.

புரொஃபிநெட்டில் (தொழிற்சாலைச் சாதனங்களை இணைக்கும் ஒரு நெட்வொர்க் முறை) பழக்கமில்லாதவர்கள் ஐபியை மட்டும் பார்ப்பார்கள். அங்கே ஐஓ சாதனத்தை (சென்சார், வால்வு போன்றவற்றை இணைக்கும் உள்ளீடு-வெளியீட்டுச் சாதனம்) கன்ட்ரோலர் தேடுவது பொதுவாக சாதனப் பெயரை வைத்துத்தான். ஐபியைக் கன்ட்ரோலரே பிறகு கொடுக்கும். பழுதான ஒன்றை மாற்றும்போது, பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்பு விளக்குதான்.

அப்புறம், சில மாட்யூல்களில் மூன்று சுழல் சுவிட்சுகள் இருக்கும். 020 என்று திருப்பினால் 192.168.1.20 ஆகும். ஆனால் சுவிட்சைப் பவர் வரும்போது மட்டுமே படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது விளையாட்டாகத் திருப்பிவிட்டால், அடுத்த ஷட்டவுனுக்குப் பிறகுதான் தெரியும். அதனால் சுவிட்ச் எண்ணைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுவேன்.