மூத்த பாடகி ஒருவரின் புகழ் எவ்வளவு காலம் நிலைத்தது? நாமே கணக்கெடுத்துப் பார்க்கும் முறை

அமெரிக்கப் பாடகி பிரெண்டா லீ 1958இல் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 13. ‘ராக்கின் அரவுண்ட் தி கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்ற அந்தப் பாட்டு 2023 டிசம்பரில் அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 78. குரல் மாறவில்லை, சொல் மாறவில்லை, ஒலிப்பதிவும் அதேதான். கேட்பவர்கள்தான் மூன்று தலைமுறை மாறியிருந்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து மூத்த பாடகிகளைப் பற்றி எழுதப்படும் “இத்தனை கோடி இசைத்தட்டுகள் விற்றவர்” என்ற வரி எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. மொத்தத் தொகை ஒருவர் எவ்வளவு விற்றார் என்பதைச் சொல்லும். எவ்வளவு காலம் விற்றார், நடுவில் எப்போது மறக்கப்பட்டார், எதனால் திரும்ப வந்தார் என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஆண்டுவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் சில மாலைப் பொழுதுகளும் போதும். இதற்கு முன் தரவரிசைப் பட்டியல் எதையும் பார்த்திராதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்

முதல் பதிவுக்கும் இன்றைக்கும் இடையில் முப்பது ஆண்டுகளாவது இருக்க வேண்டும். இருவரை ஒப்பிடும் ஆசை முதலிலேயே வரும். அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒருவருடைய கணக்கை ஒழுங்காக முடித்த பிறகுதான் ஒப்பிடுவதற்கு எது தகும், எது தகாது என்பதே தெரியும்.

பயிற்சிக்கு அமெரிக்கப் பாடகி ஷேரை எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றிய தகவல்கள் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன, ஏற்ற இறக்கங்களும் பெரியவை.

படி 2: ஆண்டுக் கோட்டை வரையுங்கள்

பக்கத்தின் இடது ஓரத்தில் ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். வெளியீடு எதுவும் இல்லாத ஆண்டையும் விடக் கூடாது. பக்கத்தில் ஐந்து கட்டங்கள் போதும்: அந்த ஆண்டில் பாடகியின் வயது, வெளியான பதிவு, எட்டிய மிக உயர்ந்த இடம், விற்பனை, வேறு நிகழ்வு.

ஷேருக்கு இப்படி வரும். 1965இல் தன் ஜோடிப் பாடகர் சானியுடன் சேர்ந்து பாடிய ‘ஐ காட் யூ பேப்’ ஹாட் 100இல் முதலிடம். 1971, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் தனியாகப் பாடிய ஒவ்வொரு பாட்டு முதலிடம். அதன் பிறகு அமெரிக்க முதலிடம் 1999 மார்ச்சில்தான், ‘பிலீவ்’ பாட்டுக்குக் கிடைத்தது. 1974க்கும் 1999க்கும் நடுவே 24 வரிகள். அந்த வரிகளில்தான் வேலை இருக்கிறது. 1979இல் டிஸ்கோ பாணியில் ஒரு பாட்டு முதல் பத்துக்குள் வந்தது. 1980களில் திரைப்படம் பக்கம் போனார், 1988இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். 1989இல் ‘இஃப் ஐ குட் டர்ன் பேக் டைம்’ மூன்றாம் இடம் வரை ஏறியது. 52 வயதில் ‘பிலீவ்’ வந்தபோது செய்தித்தாள்கள் அதை மறுபிறவி என்றன. கோட்டை வரைந்து பார்த்தால் அவர் முழுமையாக மறைந்த காலம் என்று ஒன்று இல்லை என்பது தெரிகிறது. ஆதரவு ஓரிடத்தில் குறையும்போது வேறோர் இடத்தில் காலூன்றியிருக்கிறார்.

வெற்றிடங்களை அழிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வெற்றிகளை மட்டும் அடுக்கினால் அது விளம்பரத் துண்டறிக்கை ஆகிவிடும்.

படி 3: மூன்று வகை எண்களைத் தனித்தனியாக வையுங்கள்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நானும் முதல் முறை அமெரிக்கப் பிளாட்டினம் சான்றுகளையும் பிரிட்டிஷ் பிளாட்டினம் சான்றுகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரு மொத்தம் எழுதினேன். முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியதாயிற்று.

முதல் வகை, இசை நிறுவனமோ விளம்பரக் குறிப்போ சொல்லும் எண். “பத்துக் கோடிக்கு மேல்” என்று முழு எண்ணாக வருவது பெரும்பாலும் இதுதான். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், கூட்டலில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, ஒரு பதிவு குறிப்பிட்ட அளவை எட்டியதற்கு இசைத் தொழில் சங்கம் தரும் சான்று. தங்கம், பிளாட்டினம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1958இல் தங்கச் சான்றைத் தொடங்கியது. ஆல்பத்துக்கு அப்போது அளவுகோல் பிரதிகளின் எண்ணிக்கை அல்ல, பத்து லட்சம் டாலர் வருமானம். 1975இல்தான் 5 லட்சம் பிரதிகள் என்ற நிபந்தனை வந்தது. 1976இல் 10 லட்சம் பிரதிகளுக்குப் பிளாட்டினம் வந்தது. தனிப்பாட்டுத் தட்டுக்கு அளவு வேறு: 1989 வரை தங்கம் என்றால் 10 லட்சம், பிறகு 5 லட்சம். ஆகவே ஷேர் 1971இல் வாங்கிய தங்கமும் ‘பிலீவ்’ பாட்டுக்குக் கிடைத்த பிளாட்டினமும் ஒரே 10 லட்சத்தைத்தான் குறிக்கின்றன. பெயரை மட்டும் பார்ப்பவர் பின்னதைப் பெரிது என்று எண்ணிவிடுவார்.

நாட்டுக்கு நாடும் அளவு மாறும். ஆல்பத்துக்குப் பிளாட்டினம் என்றால் அமெரிக்காவில் 10 லட்சம், பிரிட்டனில் 3 லட்சம். கனடாவில் ஒரு லட்சமாக இருந்தது 2008இல் 80,000 ஆனது. எனவே சான்றின் பெயரை எழுதாதீர்கள். அந்த நாட்டில், அந்த ஆண்டில் அது எத்தனை பிரதிகள் என்பதை எழுதுங்கள்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். அமெரிக்கச் சான்று நீண்ட காலம் கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளையே கணக்கிட்டது. வாங்கியவர் கைக்குப் போனவற்றை அல்ல. அதோடு நிறுவனம் விண்ணப்பித்தால்தான் சான்று கிடைக்கும். மூத்த பாடகிகள் விஷயத்தில் இது பெரிய அநீதியாகவே எனக்குப் படுகிறது. அவர்களுடைய பழைய தட்டுகளை வெளியிட்ட சிறு நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டன, விண்ணப்பிக்க யாரும் இல்லை. சான்று இல்லாததால் விற்பனை இல்லை என்று ஆகிவிடாது. பிரிட்டனில் 2013 முதல் எண்ணிக்கை எட்டியதும் சான்று தானாகவே வழங்கப்படுகிறது.

மூன்றாவது வகை, கடையில் எண்ணப்பட்ட விற்பனை. இதுதான் நம்பத்தக்கது, ஆனால் பழைய காலத்துக்குக் கிடைக்காது. காரணம் அடுத்த படியில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடிய பாடல்களின் எண்ணிக்கையை விற்பனையோடு சேர்க்காதீர்கள். பி. சுசீலா ஆறுக்கு மேற்பட்ட இந்திய மொழிகளில் 17,695 பாடல்கள் பாடியதற்காக 2016இல் கின்னஸில் இடம்பெற்றார். அது உழைப்பின் அளவு, வியக்கத்தக்க அளவு. திரைப்படப் பாடல்களில் தட்டு விற்பனை படத்தின் பெயரில் பதிவாவதால், பாடகியின் பங்கைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். அத்தகையவருக்கு விற்பனைக் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு, பாட்டுகள் திரும்பத் திரும்ப வெளியான தொகுப்புகளைக் குறியுங்கள். அதுவே நல்ல சாட்சி.

படி 4: பட்டியலின் விதியைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பாடகி மறக்கப்பட்டாரா, அல்லது பட்டியல்தான் அவரைக் காட்டாமல் விட்டதா என்பது இங்கே வெளிப்படும்.

1991க்கு முன் பில்போர்டு ஆல்பம் பட்டியல், எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னதை வைத்துத் தயாரானது. 1991இல்தான் கடைகளில் பட்டைக்குறி (பார்கோடு) படித்து எண்ணும் முறை வந்தது. அதே சமயம் பழைய ஆல்பங்கள் தனிப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டன. 2009 டிசம்பர் வரை, முதன்மை ஆல்பம் பட்டியலில் பழைய ஆல்பத்துக்கு இடமில்லை. ஒரு மூத்த பாடகியின் நாற்பது ஆண்டுப் பழைய தொகுப்பு எவ்வளவு விற்றாலும் முதன்மைப் பட்டியலைப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது. விதி மாறிய பிறகு நடந்ததைப் பாருங்கள்: விட்னி ஹூஸ்டன் 2012 பிப்ரவரியில் மறைந்ததும், 2000இல் வெளியான அவருடைய தொகுப்பு அதே முதன்மைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. பழைய விதி நீடித்திருந்தால் அந்த இடம் பதிவாகியிருக்காது.

மரியா கேரியின் ‘ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ’ 1994இல் வந்தது, ஹாட் 100இல் முதலிடம் பெற்றது 2019இல். இந்த 25 ஆண்டுகளையும் புறக்கணிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் தனித் தட்டாக விற்கப்படாத பாட்டு 1998 இறுதி வரை அந்தப் பட்டியலில் நுழையவே முடியாது.

பிரிட்டனில் வேறு விதி. 2017 முதல், பழைய பாட்டுகளை ஸ்ட்ரீமிங்கில் கேட்பதற்குக் குறைந்த மதிப்பே தரப்படுகிறது. புதிய பாட்டுக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு கேட்டால்தான் ஒரு விற்பனையாகச் சேரும். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1985இல் வெளியிட்ட ‘ரன்னிங் அப் தட் ஹில்’, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் இடம்பெற்று 2022இல் மீண்டும் பரவியபோது, பட்டியல் நிர்வாகம் அதற்கு விலக்கு அளித்தது. 1985இல் மூன்றாம் இடத்தோடு நின்ற பாட்டு 37 ஆண்டுகள் கழித்து முதலிடம் பெற்றது. அதற்கு முன் பிரிட்டனில் அவருக்கு முதலிடம் கிடைத்தது 1978இல்.

உங்கள் நோட்டில் விதி மாறிய ஒவ்வோர் ஆண்டிலும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள இடங்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

படி 5: ஒவ்வொரு மீள்வரவுக்கும் காரணம் எழுதுங்கள்

புதிய பதிவா, திரைத் தொடரா, பண்டிகைக் காலமா, நினைவு நாளா, மரணமா, வேறொருவர் பாடியதா? ஒரு சொல்லில் எழுதினால் போதும். பிரிட்டிஷ் பாடகி வேரா லின் 2009இல் 92 வயதில் பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றார். இரண்டாம் உலகப்போர் தொடங்கி 70 ஆண்டுகள் ஆனதை நாடு நினைவுகூர்ந்த வேளை அது. வெளியானது பழைய பாட்டுகளின் தொகுப்பு. 2017இல் நூறு வயதானபோது இன்னொரு தொகுப்பு மூன்றாம் இடம் வந்தது.

வேறொருவர் பாடியதால் வரும் புகழைப் பிரிப்பதற்கு அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் நல்ல எடுத்துக்காட்டு. ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை எழுதியவர் அவரே. 1974இலும், மறுபதிவாக 1982இலும் ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைப் பட்டியலில் அவருடைய குரலில் அது முதலிடம் பெற்றது. 1992இல் விட்னி ஹூஸ்டன் பாட, ஹாட் 100இல் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. இந்த 14 வாரத்தையும் தட்டு விற்பனையையும் ஹூஸ்டனின் நோட்டில்தான் எழுத வேண்டும். பார்ட்டனின் நோட்டில் எழுத வேண்டியது ராயல்டி, அதாவது பாட்டை எழுதியவருக்குச் சேரும் உரிமத் தொகை. எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட விரும்பியபோது, வெளியீட்டு உரிமையில் பாதியை அவருடைய மேலாளர் கேட்டார், பார்ட்டன் மறுத்துவிட்டார். பாட்டின் உரிமை கையில் இருக்கிறதா என்பதை வேறு நிகழ்வுக் கட்டத்தில் கட்டாயம் குறியுங்கள். புகழ் நீடிக்கும் காலத்தில் அதன் பலன் யாருக்குப் போயிற்று என்பதை அந்த ஒரு குறிப்பே சொல்லும்.

காரணத்தை எழுதிய பிறகு, ஏற்றம் அடங்கி ஓராண்டு கழித்து நிலை என்ன என்று பாருங்கள். பழைய மட்டத்துக்கே இறங்கிவிட்டால் அது ஒரு நிகழ்வு. முன்பைவிட மேலே தங்கிவிட்டால் புதிய தலைமுறை ஒன்று அவரைத் தனதாக்கிக்கொண்டது என்று எழுதலாம்.

படி 6: இடத்தை அளவோடு குழப்பாதீர்கள்

ஷேரின் தனி ஆல்பங்களில் அமெரிக்கப் பட்டியலில் மிக உயர்ந்த இடம் மூன்று. அது 2013இலும் 2018இலும்தான் கிடைத்தது. டாலி பார்ட்டனின் 2023 ஆல்பமும் அப்படியே, மூன்றாம் இடம், வாழ்நாள் உச்சம். இவற்றை அவர்களுடைய மிகப் பெரிய விற்பனை என்று எழுதினால் தவறு. ஆல்பம் வாங்கும் பழக்கமே சுருங்கிய காலத்தில், விலை கொடுத்து வாங்கும் விசுவாசமான கேட்பவர்களை உடையவர்கள் முதல் வாரத்தில் மேலே வருவார்கள். அந்த விசுவாசம் பெரிய விஷயம்தான். அதை விசுவாசம் என்றே எழுதுங்கள்.

ஸ்ட்ரீமிங் காலத்துக்கு வந்தால், 2016 முதல் அமெரிக்கச் சான்றில் 1,500 முறை கேட்டது ஓர் ஆல்பமாகச் சேர்க்கப்படுகிறது. அதற்குப் பிந்தைய எண்களைத் தனி வரியில் வையுங்கள்.

படி 7: மறைந்த ஆண்டோடு கோட்டை நிறுத்தாதீர்கள்

இறந்த ஆண்டை எழுதி, கீழே கோடிட்டு நோட்டை மூடிவிடுவது இயல்பு. மூடாமல் கீழே வெற்று வரிகளைத் தொடருங்கள். அமெரிக்கப் பாடகி பாட்சி கிளைன் 1963இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30. அவருடைய சிறந்த பாட்டுகளின் தொகுப்பு வெளியானது 1967இல். அந்தத் தொகுப்புக்குப் பின்னாளில் ஒரு கோடி பிரதிகளுக்கான வைரச் சான்று கிடைத்தது. அவருடைய நோட்டில் உயிரோடிருந்த காலத்து வரிகள் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. அடுத்த பக்கங்களில் வயதுக் கட்டம் வெறுமையாக இருக்கிறது, விற்பனைக் கட்டம் நிரம்பிக்கொண்டே போகிறது.