பெரியம்மாவின் பொடிக் கடைக்கு ஒரு தளம்: வேர்ட்பிரஸ் முதல் பாடம்

பெரியம்மா வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறார். "வாட்ஸ்அப்பில் எல்லாரும் விலை கேட்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை தடவைதான் அனுப்புவது? நெட்டில் ஒரு பக்கம் போட்டுக் கொடேன்" என்றார். அதைக் கட்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கோடிங் தெரிய வேண்டியதில்லை.

எடுத்துக்கொண்டது வேர்ட்பிரஸ், தளம் கட்டும் மென்பொருள். பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003இல் கிளைத்தெடுத்தது, இலவசம். இதில் சரக்கு வேறு, டப்பா வேறு. நாம் எழுதுவதெல்லாம் டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் இருக்கும். தோற்றத்தைத் தீம் பார்த்துக்கொள்ளும். கூடுதல் வேலை ஏதாவது வேண்டுமென்றால் பிளகின். செருகுநிரல் என்று எழுதுகிறார்கள், பேச்சில் பிளகின்தான்.

ஆரம்பத்திலேயே எல்லாரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் மென்பொருள் கிடைக்கும், இடத்தை நாம் பிடிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் இடமும் தந்து நடத்தும் சேவை. அங்கே என்னென்ன செய்யலாம் என்பது நாம் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்தது. நான் சொல்வது முதல் வகை. காசு போடும் முன் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடுங்கள். பிரவுசருக்குள்ளேயே ஒரு தளம் ஓடும், என்ன உடைத்தாலும் நஷ்டமில்லை.

முதல் படி: பெயரும் இடமும்

டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். பிறகு அதை மீட்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. தளம் இருக்க இடத்தை வாடகைக்குத் தருவது ஹோஸ்டிங். அதில் முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும்போது என்ன கேட்பார்கள் என்று பாருங்கள்.

பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரே கிளிக்கில் வேர்ட்பிரஸ் நிறுவிவிடலாம். பயனர் பெயராக மட்டும் அட்மின் என்று வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்களான பாட்கள் முதலில் தட்டுவது அந்தப் பெயரைத்தான்.

இரண்டாம் படி: செட்டிங்ஸ்

தளத்தை நிர்வகிக்கும் பக்கமான டாஷ்போர்டில் செட்டிங்ஸ் இருக்கும். அதில் ஜெனரலில் மொழியைத் தமிழாக்கலாம், நேர மண்டலத்தில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். ரீடிங் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் ஒன்று இருக்கும். தளம் தயாராகும்வரை அது இருக்கலாம், திறக்கும் நாளில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். டிஸ்கஷனில் கருத்துப் பெட்டியை மூடிவிட்டேன். பொடிக் கடைக்கு எதற்கு?

பக்கங்களின் முகவரி எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் பெர்மாலிங்க்ஸில் போஸ்ட் நேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. தலைப்பைத் தமிழில் வைத்தால் முகவரியின் கடைசித் துண்டான ஸ்லக்கும் தமிழிலேயே உருவாகும். பிரவுசரில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு குறிக்கு ஒன்பது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'வணக்கம்' என்பதில் ஏழு குறிகள், அதுவே 63 எழுத்தாகிவிடும். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு ஒதுக்கியிருப்பது 200. அதாவது 22 குறிகளுக்கு மேல் போனால் முகவரி பாதிச் சொல்லில் வெட்டுப்படும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில சமயம் ஒரு முழம் நீளத்துக்குச் சதவீதக் குறியாக வந்து விழும். அதனால் தலைப்பு தமிழில் இருக்கட்டும், வலப்பக்கப் பட்டையில் உள்ள ஸ்லக்கில் மட்டும் ஆங்கில எழுத்தில் இட்லி-பொடி என்பதுபோல் சின்னதாகக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: தீமும் பக்கங்களும்

தீம் மாதிரிகள் எல்லாம் ஆங்கிலத்தில் பளபளக்கும். நம் சொற்கள் நீளமானவை. 'தொடர்புகொள்ள' என்று போட்டதும் பட்டன் இரண்டு வரியாகும், மெனு சரிந்துவிடும். உண்மையான தமிழ் வரிகளைப் போட்டு, போனில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

விலைப்பட்டியல், எங்களைப் பற்றி போன்ற நிலையானவை பேஜ். தேதியோடு வரும் செய்திகள் போஸ்ட். இரண்டு பேஜ் போட்டேன், போஸ்ட் ஒன்றும் இல்லை. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் அகலத்தை 1200 பிக்சலுக்குள் குறைத்து ஏற்றுங்கள். மிகப் பெரிய படத்தை வேர்ட்பிரஸே 2560க்குச் சுருக்கிக்கொள்ளும், ஆனால் அசல் கோப்பும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

நான்காம் படி: பிளகின்

புதிதாக வருகிறவர்கள் கெடுவது இங்கேதான். ஆடித் தள்ளுபடி போல அள்ளிக்கொண்டு வருவார்கள். இது பிளகின் இல்லாமலே முடியுமா என்று முதலில் பாருங்கள். எடிட்டரில் பக்கத்தைக் கட்டும் துண்டுகளுக்குப் பிளாக் என்று பெயர், விலைப்பட்டியலுக்கு டேபிள் பிளாக் இருக்கிறது. தேடுபொறிகளுக்குப் பக்கங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஆர்டர் வாங்க ஃபார்ம் பிளகின் எதற்கு? ஒரு பட்டன் பிளாக் போட்டு, டபிள்யூஏ டாட் எம்இ என்ற முகவரிக்குப் பின் சாய்கோடு இட்டு, 91 சேர்த்த போன் எண்ணைக் கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் கொடுத்தால் நேராக வாட்ஸ்அப் திறக்கும்.

அப்படியும் தேவைப்பட்டவை இரண்டு. தளத்தின் நகலை எடுத்து வைக்கும் பேக்கப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ். கோப்புகளையும் டேட்டாபேஸையும் சேர்த்து கூகுள் டிரைவுக்கு அனுப்பும்படி வைத்திருக்கிறேன். தளம் இருக்கும் அதே சர்வரில், அதாவது ஹோஸ்டிங் கணினியில், பேக்கப்பையும் வைப்பது, பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதை. இன்னொன்று டூ ஃபேக்டர், உள்ளே நுழையக் கடவுச்சொல்லோடு போனில் வரும் எண்ணும் கேட்கும்.

பிளகின் போடும் முன் அதன் பக்கத்தில் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எந்தப் பதிப்புவரை சோதித்தார்கள் என்று பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாமல் கிடப்பது வேண்டாம். காசுக்கு விற்பதை இலவசமாகத் தருகிறோம் என்று டெலிகிராமில் சுற்றும் ஜிப் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். பிளகின் என்பது உங்கள் சர்வரில் ஓடும் நிரல், தளம் முழுவதும் அதன் கைக்குள் இருக்கும்.

உடைந்தால்?

பெரியம்மா தளத்தில் முதலில் படம் நகரும் பிளகின் ஒன்றையும் போட்டிருந்தேன். ஒருநாள் அப்டேட் கொடுத்ததும் தளமே வெள்ளைத் தாளாகிவிட்டது, டாஷ்போர்டுக்குள்ளும் போக முடியவில்லை. இப்படி ஆனால் முதலில் அட்மின் மின்னஞ்சலைப் பாருங்கள். 5.2 பதிப்பிலிருந்து, இந்த மாதிரிப் பிழைக்கு, கெட்ட பிளகினை நிறுத்திவைத்து உள்ளே விடும் ரிக்கவரி மோடுக்கான இணைப்பை வேர்ட்பிரஸே அனுப்ப முயலும். எனக்கு அந்த மின்னஞ்சல் வரவில்லை. அப்புறம் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரைத் திறந்து, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் பிளகின்ஸ் ஃபோல்டருக்குப் போய், அந்தப் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினேன். பெயர் மாறியதும் வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் விட்டுவிடும், தளம் எழுந்துவிடும். எந்தப் பிளகின் என்று தெரியாவிட்டால் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரையே மாற்றலாம். டாஷ்போர்டில் பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்தால் எல்லாம் அணைந்திருக்கும். பிறகு ஃபோல்டருக்குப் பழைய பெயரைக் கொடுத்து ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்தால் குற்றவாளி சிக்கும்.

இப்போது ஞாயிறு காலையில் ஒரு கால்மணி நேரம்தான் வேலை: முதலில் பேக்கப், பிறகு அப்டேட், பிறகு போனில் ஒரு பார்வை. பூ உதிர்கிற மாதிரி ஒரு பிளகின் போடேன், தீபாவளி வருகிறதே என்று பெரியம்மா கேட்டார். பிளேகிரவுண்டில் போட்டு அவர் போனிலேயே காட்டினேன். ஆர்டர் பட்டனின் மேல் ரோஜா விழுந்துகொண்டே இருந்தது. "சரி, வேண்டாம்" என்றார்.