பிளின்ட்லாக் ட்ரிக்கர் கனமாக இருந்தால் அரத்தை எடுக்காதீர்கள்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மான் வேட்டைக்கு ஒரு தனிப் பருவம் வரும். 1974இல் தொடங்கியது. பிளின்ட்லாக் மட்டும்தான் அதில் செல்லும்: குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டு, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் துப்பாக்கி. இங்கே குடியேறிய பிறகு அதற்காகவே ஒரு .50 காலிபர் பிளின்ட்லாக் வாங்கினேன். பழையது, யாரோ வீட்டில் கோத்தது. அதன் ட்ரிக்கரை அசைக்க விரல் வலிக்கும்.

பிளின்ட்லாக்கில் ட்ரிக்கர் கனம் சாதாரணக் குறை இல்லை. குதிரை (கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியல்) விழுந்து, பொறி பறந்து, கிண்ணியில் உள்ள மருந்து பற்றி, துளை வழியே தீ உள்ளே போன பிறகுதான் குண்டு கிளம்பும். அந்தக் கண நேரமும் குழல் ஆடாமல் நிற்க வேண்டும். ட்ரிக்கரோடு மல்லுக்கட்டிய கை அப்படி நிற்காது.

தொடங்கும் முன் துப்பாக்கி காலிதானா என்று பாருங்கள். மருந்து கிட்டிக்கும் குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் அளவில் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். அதைக் குழலுக்கு வெளியே பக்கத்தில் ஒட்டி வைத்தால் குச்சியின் நுனி பொறித்துளைக்கு நேராக வர வேண்டும். ஓர் அங்குலம் முன்னால் நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலி என்று உறுதியானதும் கல்லைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். பிறகு பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை ட்ரிக்கரில் மாட்டி இழுத்துப் பாருங்கள். எனக்கு 9 பவுண்டு காட்டியது.

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். லாக்கை, அதாவது குதிரையும் ஸ்பிரிங்குகளும் உள்ள பக்கப் பொறியமைப்பைக் கழற்றி, உள்ளே டம்ளரில் (குதிரையோடு சேர்ந்து சுழலும் துண்டு) இருக்கும் முழுநிலைப் பல்லை, அதாவது முழுக்க ஏற்றிய குதிரையை நிறுத்தி வைக்கும் வெட்டை, அரத்தால் ராவிவிட்டேன். ட்ரிக்கர் இலகுவானது. ஆனால் கட்டையைத் தட்டினாலே குதிரை விழுந்தது. கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அது போய்விட்டால் அடியில் இருப்பது மெத்தென்ற இரும்பு. புது டம்ளர் வாங்கிப் போட்டேன், தராசு மறுபடி 9 காட்டியது. கோளாறு பல்லில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் முதலில் மரத்தைப் பாருங்கள். லாக்கைப் பிடித்திருக்கும் பக்கத் திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டு ட்ரிக்கரை இழுங்கள். இலகுவாகிறதா? அப்படியானால் உள்ளே எங்கோ மரம் உரசுகிறது. லாக்கை வெளியே எடுத்து, உள்பாகங்களின் விளிம்புகளில் மெழுகுவர்த்திக் கரியைப் பிடியுங்கள். திரும்ப மாட்டி, குதிரையைக் கட்டை விரலால் பிடித்தபடியே நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கழற்றிப் பார்த்தால் லாக் உட்காரும் மரப் பள்ளத்துக்குள் கரி ஒட்டிய இடம் தெரியும். எனக்கு சியரின் (மூக்கால் டம்ளர் பல்லைப் பிடித்திருக்கும் நெம்பு, ட்ரிக்கர் தள்ளுவது இதன் கையைத்தான்) கைநுனி நுழையும் ஓட்டையில் ஒட்டியிருந்தது. கூரான உளியால் தாள் கனத்துக்குச் சுரண்டி எடுத்தேன். அதிலேயே 9 என்பது ஏழரைக்கு இறங்கியது. ஒன்று மட்டும் கவனம்: லாக் வெளியே இருக்கும்போது குதிரையைச் சும்மா அடிக்கவிடாதீர்கள், உள்பாகம் உடையும்.

அடுத்தது ட்ரிக்கர் ஆணி. பெரிய பலன் இதில்தான். கடப்பாரையால் கல்லைப் புரட்டும்போது முட்டுக்கல்லைப் பாறைக்குக் கிட்டே வைப்போம் அல்லவா, அதே கணக்கு. ட்ரிக்கர் சுழலும் ஆணி முட்டுக்கல், சியரின் கை பாறை. என் துப்பாக்கியில் ஆணி சியருக்கு அரை அங்குலம் முன்னால் இருந்தது. அதே மரத்தில் ஒரு குச்சி சீவி, பசை தடவிப் பழைய ஓட்டையை அடைத்தேன். கால் அங்குலத்தில், கொஞ்சம் மேலே தள்ளிப் புது ஓட்டை போட்டேன். தராசு 4 காட்டியது. பாரம் பாதியாகும்போது விரல் நகரும் தூரம் இரட்டிப்பாகும், அது பழகிவிடும். மாட்டிய பிறகு குதிரை இறங்கிய நிலை, அரைநிலை (பாதி ஏற்றியது), முழுநிலை மூன்றிலும் ட்ரிக்கருக்கும் சியருக்கும் நடுவே நூலளவு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சியர் பல்லில் முழுசாக உட்காராது.

குதிரையை விசையோடு விழவைக்கும் மெயின் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். அது தளர்ந்தால் பொறி மங்கிவிடும். சியரைப் பல்லோடு அழுத்தும் சியர் ஸ்பிரிங் மிகவும் விறைப்பாக இருந்தால் அகலத்தில் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்குக் கீறல் விழுந்த இடத்தில் ஸ்பிரிங் ஒருநாள் முறியும்.

இதெல்லாம் முடிந்தும் ட்ரிக்கர் சொரசொரப்பாக இழுத்தால் மட்டும் பல்லுக்கு வாருங்கள். அப்போதும் அரம் வேண்டாம். கடினமான ஆர்கன்சாஸ் சாணைக்கல் போதும். சியர் மூக்கில் மார்க்கர் மை பூசி, இருக்கிற கோணத்திலேயே ஐந்தாறு இழுப்பு. மை சீராகப் போனால் கோணம் மாறவில்லை. அரைநிலைப் பல்லை ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

அப்புறம் சோதனை. மருந்தில்லாத துப்பாக்கியை முழுநிலையில் வைத்து, அடிக்கட்டையைக் கம்பளத்தின் மேல் ஐந்தாறு முறை ஓங்கிக் குத்துங்கள். குதிரையின் முதுகைக் கட்டை விரலால் முன்னால் தள்ளுங்கள். அரைநிலையில் ட்ரிக்கரைப் பலமாக இழுங்கள். இந்த மூன்றில் ஒன்றில் குதிரை நழுவினாலும் அந்த லாக்கில் மருந்து போடக் கூடாது. என்னுடையது மூன்றரை பவுண்டில் நின்றது, மூன்றிலும் அசையவில்லை. அதன் பிறகே கல்லைத் திரும்ப மாட்டினேன்.