தோள் தேயாமல் பந்து வீச

பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, நெடுநாள் நீடிக்க ஆசையா? அப்படியென்றால் வேகத்தை மட்டும் துரத்தாமல் சேஞ்ச்அப் பழகுங்கள்: வேகமாக வருவதுபோல் தோன்றி மெதுவாக வரும் வீச்சு அது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் வட்டமாகச் சேரட்டும், மற்ற மூன்று விரல்கள் மேலே. இறுக்காமல் பிடியுங்கள். கை மட்டும் ஃபாஸ்ட்பால் (முழுவேக வீச்சு) வீசும் வேகத்திலேயே சுழல வேண்டும். நான் இரண்டு வருடம் தடுமாறியது இங்கேதான்: பந்து மெதுவாகப் போக வேண்டும் என்று கையையே மெதுவாக்கினேன், பேட்டர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்புறம் முழங்கை. உள்பக்கம் வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நான் வலியை மறைத்தேன், ஒரு சீசனே போனது. அமெரிக்க பிட்சர் டாமி ஜான் 1974-ல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1975 முழுக்க ஆடாமல் காத்திருந்து, 1976-ல் திரும்பினார். 1989 வரை வீசினார்!

ஆட்டத்துக்கு மறுநாள் லேசான ஓட்டம் போதும்.