பழைய காகிதப்பூத் தூரைத் தோண்டி எடுத்து போன்சாய்க்குத் தயார் செய்வது

மதிலோரம் பல வருடம் நின்று தொடைக் கனத்துக்குத் தூர் பருத்த காகிதப்பூச் செடிகளை, வீடு இடிக்கும்போது ஜேசிபியால் வாரி எறிந்துவிடுகிறார்கள். போன்சாய்க்கு அதைவிட நல்ல கட்டை நம் ஊரில் எளிதில் கிடைக்காது. தொட்டியில் வைத்து வளர்த்து அந்தக் கனத்தைக் கொண்டுவருவதும் நடக்கிற காரியமில்லை. தோண்டுவது கடினம் என்று பலரும் தயங்குகிறார்கள். ஆனால் காகிதப்பூக் கட்டைகள் தோண்டும்போது சாவது குறைவு. தொட்டிக்கு வந்த பிறகு ஆடி அசைந்து புதுவேர் அறுந்தோ, ஈரம் தங்கி அழுகியோதான் பெரும்பாலானவை போகின்றன. அதனால் தோண்டுவதைவிட அதற்குப் பிந்தைய மூன்று மாதத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

காலம்: பிப்ரவரி, மார்ச் சிறந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், செடி துளிர்விடத் துடிக்கும், மழை இருக்காது. பூவும் இருப்பதால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். கிழக்குக் கரைப் பக்கம் ஜூலைக் கடைசி, ஆகஸ்டிலும் எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே வேண்டாம், வெட்டுவாய் காயாது. கத்திரி வெயிலிலும் வேண்டாம்.

எடுக்கும் முன்

முதலில் தூரைச் சுற்றி நாலு விரல் ஆழத்துக்குக் கையால் மண்ணைக் கிளறி எடுத்துப் பாருங்கள். வெளியே அழகாகத் தெரியும் தண்டு, மண்ணுக்குள் திடீரென்று ஒடுங்கிப் போயிருக்கலாம். அப்படியென்றால் உழைப்பு வீண். அடி விரிந்து, வேர்கள் இரண்டு மூன்று திசையில் பிரிந்து போனால் எடுக்கலாம். கடப்பாரையின் பின்பக்கத்தால் தண்டை மெல்லத் தட்டுங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே கோறை. கோறை இருப்பது குறையல்ல, பட்டையின் பாதிச் சுற்று உயிரோடு இருந்தால் போதும். பின்னாளில் அதுவே செடிக்கு வயதான தோற்றம் தரும். கரையான் புற்று ஏறியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒரே குழியில் இரண்டு மூன்று செடி வைத்து அவை ஒட்டி வளர்ந்திருப்பதும் உண்டு. தோண்டியதும் பிரிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மெஜந்தா நிறச் செடிதான் எல்லாவற்றிலும் முரடு. வெள்ளை வரி இலை உள்ள வகைகள் மெதுவாக வளர்பவை, முதல் முயற்சிக்கு ஏற்றவை அல்ல. மதிலோரச் செடி என்றால் தண்ணீர்க் குழாய், மின்கேபிள், கழிவுநீர்த் தொட்டி எங்கே போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள்.

கருவிகள்: கடப்பாரை, மண்வெட்டி, கைக்கொத்து, கிளை அறுக்கும் ரம்பம், மண்ணில் பாயும் வேர்களுக்கென்று விலை குறைந்த இன்னொரு ரம்பம் (மணல் பட்டால் பல் மழுங்கிவிடும்), கவாத்துக் கத்தரி, கூரான கத்தி, தடித்த தோல் கையுறை, கண்ணாடி. முள் ஆழமாகக் குத்தும், சிலருக்கு அந்த இடம் தடித்து அரிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

தோண்டுதல்

முந்தின நாள் மாலை தூரைச் சுற்றி நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கரிசலாக இருந்தால் இரண்டு நாள் முன்பே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மண்வெட்டியில் களிமண்தான் ஒட்டிக்கொண்டு வரும்.

மேலே உள்ள எல்லாக் கிளைகளையும் இரண்டடி விட்டு அறுத்து, முள்குப்பையை அப்புறப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள். கடைசி அளவுக்கு இப்போதே வெட்டாதீர்கள். அந்த இரண்டடிக் குச்சிகள் தூக்கும்போது கைப்பிடியாகும். ஆனால் அவற்றைப் பிடித்து ஆட்டிப் பிடுங்க முயன்றால் அடியில் பட்டை கிழியும்.

தண்டிலிருந்து 25 முதல் 30 செ.மீ. தள்ளி வட்டம் போட்டு, அதற்கு வெளியே மண்வெட்டி அகலத்துக்கு, 35 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் மண் முழுவதும் கட்டியாகக் கூடவே வந்தால்தான் பிழைக்கும் என்று நினைக்க வேண்டாம், உதிர்வது உதிரட்டும். 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழமுள்ள ஈர மண்கட்டி ஏறக்குறைய 140 கிலோ இருக்கும். இரண்டு பேரால் குழியிலிருந்து தூக்க முடியாது. தூக்கினாலும் காகிதப்பூவின் சல்லிவேர் எளிதில் ஒடியக்கூடியது, மண்ணைப் பிடித்து வைக்காது, பாதி வழியில் பிளந்துவிடும். குச்சி வெட்டி நட்டாலே வேர்விடும் செடி இது. கட்டையிலிருந்தே புதுவேர் விடும் சக்தி அதற்கு உண்டு.

விரல் கனத்துக்கு மேற்பட்ட வேர் தென்பட்டால், சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு ரம்பத்தால் அறுங்கள். கடப்பாரையால் குத்தி அறுக்கக் கூடாது. குத்தினால் வேர் நைந்து நார்நாராகும், நைந்த இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். குச்சி நட்டு வந்த செடிக்கு ஆணிவேர் கிடையாது. இருந்தும் ஒன்றிரண்டு தடித்த வேர் நேர்கீழாக இறங்கியிருக்கும். பக்கவாட்டில் எல்லாம் அறுத்தும் கட்டை அசைய மறுத்தால் அதுதான் காரணம். ஒரு பக்கம் குழியை ஆழமாக்கி, சாய்வாக அடியில் நுழைந்து அறுங்கள். கடப்பாரையை நெம்புகோலாக வைத்தே ஆக வேண்டுமென்றால் தண்டுக்கும் கடப்பாரைக்கும் நடுவே சாக்கை மடித்து வையுங்கள்.

வெளியே வந்ததும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்றைக்கே தொட்டியில் ஏறிவிட வேண்டும்.

வெட்டித் திருத்துதல்

ஹோஸ் தண்ணீரால் பழைய மண்ணில் பாதிக்கு மேல் கழுவிவிடுங்கள். வேரமைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தோட்ட மண் ஒட்டியிருந்தால் தொட்டிக்குள் அந்த இடம் மட்டும் ஈரமாகவே கிடக்கும்.

பின்னாளில் ஆழமில்லாத போன்சாய்த் தட்டில் உட்கார வேண்டிய செடி இது, அடிப்பாகத்தைச் சமமாக்க இதுதான் நேரம். கீழ்நோக்கிய தடி வேர்களைத் தூருக்கு அடியில் 5 முதல் 8 செ.மீ. விட்டு அறுங்கள். பக்க வேர்களை 10 செ.மீ. விடலாம். சல்லிவேர் எது இருந்தாலும் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு ரம்ப வெட்டின் விளிம்பையும் கத்தியால் சீவி வழவழப்பாக்குங்கள். பட்டை விளிம்பில்தான் புதுவேர் முளைக்கும், பிசிறு இருந்தால் முளைக்காமல் கறுக்கும்.

மேல் உயரம் தண்டின் விட்டத்தைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு. 12 செ.மீ. தண்டுக்கு 36 முதல் 60 செ.மீ. வரை. அதோடு இன்னும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். வெட்டுவாயிலிருந்து கீழ்நோக்கிக் கொஞ்ச தூரம் காய்வது இந்தச் செடியின் குணம். துளிர் எங்கே வருகிறதென்று பார்த்துவிட்டுப் பிறகு குறைக்கலாம். தண்ணீர் தேங்காமல் வெட்டு சாய்வாக இருக்கட்டும்.

மேல் வெட்டுகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த குழைவு) பூசுங்கள். ஒரு கட்டைக்கு 200 மில்லி போதும். 20 கிராம் மயில்துத்தத்தை 100 மில்லி தண்ணீரிலும், 20 கிராம் சுண்ணாம்பை இன்னொரு 100 மில்லியிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு கலக்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரம்தான், இரும்பு ஆகாது. பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்த்தால் செந்நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. சாணம் பூசும் வழக்கம் உண்டு. சின்னக் கிளைக்குச் சரி, கையகல வெட்டுக்கு வேண்டாம். இதன் மரம் மிருது, ஈரம் தங்கினால் உள்ளே இற்றுப்போகும்.

வேர் வெட்டுகளை அரை மணி நேரம் நிழலில் உலரவிட்டு, விளிம்புகளில் வேரூக்கித் தூள் தொட்டு வையுங்கள். போர்டோ பசை வேருக்கு வேண்டாம்.

தொட்டியில் வைத்தல்

பெரிய தொட்டி வாங்குவதுதான் இங்கே வழக்கமான தவறு. வேர்நுனிக்கு வெளியே இரண்டு விரல் இடம் போதும். கொத்தனார் பிளாஸ்டிக் பாண்டில் 12 மி.மீ. துளை ஆறேழு போட்டாலே சரியான தொட்டி.

கலவை: 3 முதல் 8 மி.மீ. அளவில் சலித்த செங்கல் துண்டு 5 பங்கு, தூசி கழுவிய பருமணல் 3 பங்கு, தென்னைநார்க் கழிவு 2 பங்கு. நார்க்கழிவை இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்குங்கள். எருவோ மண்புழு உரமோ இப்போது துளியும் கூடாது. வேரில்லாத கட்டைக்கு அதனால் பயனில்லை, அழுகலுக்குத்தான் தீனி.

அடியில் கலவையைக் கூம்பாகக் குவித்து, கட்டையை அதன்மேல் திருகி உட்காரவைத்தால் தூருக்கடியில் வெற்றிடம் இருக்காது. மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி நிரப்புங்கள். பிறகு தொட்டித் துளைகள் வழியாகக் கட்டுக்கம்பி விட்டுக் கட்டையை இழுத்துக் கட்டுங்கள். பட்டையில் கம்பி படும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு வையுங்கள். தண்டைப் பிடித்து அசைத்தால் தொட்டியும் சேர்ந்து அசைய வேண்டும், கட்டை தனியாக ஆடினால் மறுபடி கட்டுங்கள். முளைக்கும் வேர் நூல் போன்றது. நாய் உரசினாலும் காற்று அடித்தாலும் அறுந்துவிடும்.

துளையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றி, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். அடுத்த தண்ணீர், மேல் இரண்டு செ.மீ. காய்ந்த பிறகுதான். தண்டுக்கு மட்டும் தினம் இருமுறை தெளிக்கலாம். கோவை, திருநெல்வேலி போல வறண்ட காற்றடிக்கும் ஊர்களில் தண்டின்மேல் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்க்கலாம். சென்னைப் புழுக்கத்துக்குத் தேவையில்லை.

துளிர் வந்தபின்

இரண்டு முதல் நாலு வாரத்தில் துளிர் வரும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது கட்டையில் சேமித்த மாவுச்சத்தில் வருவது, கீழே வேர் இருக்கிறதென்று அர்த்தமில்லை. ஐந்தாறு வாரத்தில் துளிர்கள் சட்டென்று தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றாதீர்கள். கலவை ஈரமாக இருந்தால் இன்னும் நிழலுக்கு மாற்றி, பையைக் கவிழ்த்துக் காத்திருங்கள். இரண்டாம் சுற்றுத் துளிர் வருவதுண்டு. மாறாக, மூன்று மாதம் ஒன்றுமே வராவிட்டாலும் எறிய வேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரியும்வரை உயிர் இருக்கிறது. அடிப்பட்டை அமுங்கி, புளித்த வாடை அடித்தால் அழுகல். கட்டையை எடுத்து, கெட்டதை வெளிறிய மரம் தெரியும்வரை சீவி, ஒரு நாள் உலர்த்தி, புதுக் கலவையில் வைக்கலாம். பாதி பிழைக்கும், பாதி பிழைக்காது.

முதல் துளிர்களைக் கிள்ளாதீர்கள். ஓரடிக்கு மேல் ஓடட்டும், இலைதான் வேரை வளர்க்கும். ஒரே இடத்தில் பத்து வந்தால் மட்டும் மூன்று நாலு விட்டு மற்றதை எடுங்கள். இளந்துளிரில் மாவுப்பூச்சி வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகே முழு வெயில். நீர்த்த உரம் அதற்கும் இரண்டு வாரம் கழித்து.

கிளையை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி சுற்றுவதற்குத் துளிர் பென்சில் கனத்துக்குச் சற்றுக் குறைவாக, பாதி முற்றியிருக்கும்போது சரி. நன்றாக முற்றினால் ஒடியும். அக்டோபர் வந்ததும் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள், அல்லது ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்துவிடுங்கள். போன்சாய்த் தட்டுக்கு மாற்றுவது, மேலே காய்ந்த பகுதியைக் குடைந்து செதுக்குவது எல்லாம் அடுத்த பிப்ரவரியில்.

இந்த முரட்டு முறை இட்லிப்பூவுக்குச் செல்லாது. அதற்கு இலை கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், வேரோடு மண்ணும் வர வேண்டும். பாதி வட்டம் குழி எடுத்து வேரறுத்து, எருவில்லாத மணலால் மூடி, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபாதியை அறுத்து, அங்கே சல்லிவேர் கண்டபின் எடுங்கள்.