பழங்குடிக் கைவினைக் கடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் காந்தி ரோடு பக்கம் குடும்பமாகக் கைவினைக் கடை வைக்கிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். வாடகை, பில், கணக்கு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விட்டுவிடுகிறேன்.

கைவேலையோடு நகலைக் கலப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். டோக்ரா என்கிற, பழங்குடியினர் கையால் வார்க்கும் உலோக பொம்மைகளுக்கு நடுவே மொத்தக் கடையில் வாங்கிய பித்தளை பொம்மைகளையும் வைத்து, எல்லாமே பழங்குடிக் கைவேலை என்று விற்கிறார்கள். இங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளத்துக்காரர்களும் ஜார்க்கண்டுக்காரர்களும் ஏராளம். டோக்ரா அவர்கள் ஊர்ச் சரக்கு.

தெரிந்தவர் கடையில் ஒரு வங்காள அம்மா இரண்டு குதிரைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காது, கடிவாளம், வால் முறுக்கு எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. வயிற்றுக்கு அடியில் நகத்தால் தடவினார். அச்சு சேர்ந்த கோடு தட்டுப்பட்டது. ஒன்றும் பேசவில்லை. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த அசல் விளக்கையும் சேர்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டோக்ராவில் களிமண் கருவின் மேல் மெழுகு இழையைச் சுற்றி, அதற்கு மேல் மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பொம்மையை எடுக்க மண் அச்சை உடைத்தே ஆக வேண்டும். அப்புறம் எப்படி இரண்டு ஒன்றுபோல வரும்?

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரித் தோடர் பூத்தையலுக்கும் இதே கதிதான். வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் போடும் தையல் அது. பக்கத்தில் மெஷின் சால்வையைத் தொங்கவிட்டால், "அது பாதி விலைதானே, இது மட்டும் ஏன்?" என்ற கேள்வி வரும். கடைக்காரர் விலையை இறக்குவார். கடைசியில் அடிபடுவது தைத்தவரின் கூலி.

நகலை விற்கத்தான் வேண்டுமென்றால் தனி அலமாரியில் வையுங்கள், மெஷின் வேலை என்று சீட்டு ஒட்டுங்கள்.

ஆளுக்கொரு விலை

அப்பா ஒன்று, மருமகன் ஒன்று சொல்லக் கூடாது. விலையை எழுதி ஒட்டுங்கள்.

வெறும் செய்தித்தாளில் சுற்றுவது

கரிகிரி ஊரில் செய்யும் மண் ஜாடி, காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு நாள் போக வேண்டியது. மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். முதலில் உடைவது அதுதான்.

பாக்கி

செய்தவருக்குப் பாக்கி வைக்காதீர்கள். சரக்கு வாங்கும்போதே பணம்.