ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் வீடு பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டெக்சாஸில் இருக்கும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் குடியேற ஆசைப்படுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஊரைச் சனிக்கிழமையில் போய்ப் பார்ப்பது. ஒயின் கூடம், பீச் பழக்கடை, பியர், சாசேஜ் என்று மெயின் ஸ்ட்ரீட்டே அன்று திருவிழாவாக இருக்கும். அது விருந்தாளிகளின் ஊர். குடியிருக்கப்போகிறவர் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். சில உணவகங்கள் பூட்டியிருக்கும், இருட்டியதும் தெரு அடங்கிவிடும். அந்த அமைதி பிடித்தால் சரி. பிடிக்கவில்லையென்றால் விருந்தாளியாகவே வந்து போங்கள், செலவு மிச்சம்.

அடுத்தது, பழைய வீட்டைப் பார்த்து மயங்குவது. 1846-இல் வந்திறங்கிய ஜெர்மானியர்கள் மரச்சட்டம் நிறுத்தி, இடையில் சுண்ணாம்புக்கல் அடைத்துக் கட்டினார்கள். ‘சண்டே ஹவுஸ்’ பிற்பாடு வந்தது. தொலைவில் பண்ணை வைத்திருந்தவர்கள் சனிக்கிழமை சாமான் வாங்கி, இரவு தங்கி, ஞாயிறு தேவாலயம் போய்த் திரும்புவதற்காகக் கட்டிக்கொண்ட குட்டி வீடு அது. கீழே ஓர் அறை, மேலே பிள்ளைகள் தூங்கப் பரண். பல வீடுகளில் பரணுக்குப் படி வெளிச்சுவரில்தான். மழை நாளில் நனைந்துகொண்டே படுக்கப் போக வேண்டும். ஓர் இரவுக்குக் கட்டியதில் ஆண்டு முழுக்க நாலு பேர் எப்படி இருப்பது? பெரிதாக்கலாமென்றால், வரலாற்றுப் பகுதிக்குள் வெளித்தோற்றத்தை மாற்ற நகராட்சிக் குழுவின் அனுமதி வேண்டும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். அதற்கும் அனுமதி வேண்டும், இடத்துக்கு இடம் விதி மாறும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே வீட்டு விலை எட்டாமல் போனதற்கு இந்த ஆசையும் ஒரு காரணம்.

தெருவில் ஜெர்மன் காதில் விழும் என்று எதிர்பார்ப்பதும் வீண். முதல் உலகப் போர்க் காலத்து வெறுப்பு அந்த மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டியது. ‘டெக்சாஸ் ஜெர்மன்’ என்ற அந்த ஊர்ப் பேச்சுவழக்கு இப்போது பெரும்பாலும் முதியவர்களின் வாயில்தான் மிச்சமிருக்கிறது. ஆனால் துப்பாக்கி சுடும் சங்கம், பாட்டுக் குழு, தேவாலயம் எல்லாம் நடக்கின்றன. ஊரின் உண்மையான ருசி அங்கேதான். கடைவீதியின் ஜெர்மன் பலகைகளோடு நின்றுவிட்டால் எத்தனை வருடமானாலும் வெளியாள்தான்.

ஊருக்கு வெளியே நிலம் மலிவு என்று பாய்கிறவர்களுக்கு ஒன்று: பல இடங்களில் சொந்தக் கிணறும் செப்டிக் டாங்கும்தான் கதி. கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, மழையில் பக்கத்து ஓடை எதுவரை ஏறும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.